பென்லானுக்கு யார் வருவது

பென்லான் பண்ணை,
நவம்பர் 14

அன்புள்ள டாக்டர் நெஸ்டா,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். பெக்கா இப்போதுதான் கண்ணை மூடினாள். அவளுக்குப் பல் முளைக்கிறது. இடது கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே வலது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அதையும் சேர்த்து மன்னித்துவிடுங்கள். மன்னிப்புக் கேட்பது இத்தோடு முடிந்தது. இனி இந்தக் கடிதத்தில் வேறு எதற்கும் கேட்பதாக இல்லை.

எம்ரிஸ் கடற்கரை ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறான். சிறுநீர்க் குழாய் வழியாக ஏறிய கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. இந்தத் தகவல் உங்கள் கிளினிக்குக்கு வந்திருக்கும். வியாழக்கிழமை இந்த வீட்டில் என்ன நடந்தது என்பது மட்டும் வந்திருக்காது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அன்று காலை அவன் நாயிடம் பேசவில்லை. உங்களுக்குத் தெரியும், நரம்பு நோய் வந்து கால்கள் விழுந்த பிறகும், இந்த வீட்டை விட்டு வெளியே போக முடியாமல் ஆன பிறகும், கண் விழித்தவுடன் அவன் முதலில் பேசுவது மோட்டிடம்தான். மலையில் ஆடுகள் எங்கே நிற்கின்றன, பனி பெய்ததா என்றெல்லாம் அந்த நாயிடம் விசாரிப்பான். அன்று மோட் கட்டில் பக்கத்தில் வந்து நின்றது, அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். உடனே வீட்டுப் போனில் கிளினிக்கைக் கூப்பிட்டேன். வீட்டுக்கு வரச் சொல்லிக் கேட்பவர்கள் முற்பகலுக்குள் கேட்க வேண்டும் என்று பதிவுக் குரல் சொன்னது. முற்பகலுக்குள்தான் கேட்டேன். வரிசையில் காத்திருந்து, எடுத்த பெண்ணிடம், டாக்டர் நெஸ்டா வரணும் என்று பெயர் சொல்லித்தான் கேட்டேன். "யாராவது வருவாங்க" என்றாள்.

ஓசியன் வந்தார். இத்தனை வருஷம் ஆம்புலன்ஸில் ஓடியவர், இப்போது உங்களுக்குப் பதிலாக வீடு வீடாகப் போகிறவர். நல்ல மனிதர்தான், அதில் சண்டை இல்லை. வாசலில் கார் சத்தம் கேட்டதும், காலையிலிருந்து சுவரைப் பார்த்துக் கிடந்த என் கணவன் சீப்பு கேட்டான். தலையணையில் சாய்ந்து உட்கார வைக்கச் சொன்னான். ஓசியன் அந்த ஆம்புலன்ஸ்காரர் பச்சைச் சட்டையோடு உள்ளே நுழைந்ததும், "என்ன தம்பி, ஊருல வேற நோயாளியே கெடைக்கலையா, இந்த மலை ஏறி வந்திருக்க" என்று கேட்டான். ஓசியன் சிரித்தார். நானும் சிரித்தேன், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "மாரெட், தம்பிக்கு டீ போடு" என்றான். அதே சமயம் பெக்கா அழுதாள். நான் சமையலறைக்குப் போனேன்.

தட்டோடு திரும்பி வரும்போது ஓசியன் பையை மூடிக்கொண்டிருந்தார். டீ குடிப்பதில்லை, விதி அப்படி என்றார். காய்ச்சல் இல்லை, நாடி கொஞ்சம் வேகம், ஆனால் ஆள் தெம்பாக இருக்கிறார், டாக்டரிடம் பேசிவிடுகிறேன் என்றார். எங்கள் வீட்டில் செல்போனுக்குச் சிக்னல் கிடைப்பதில்லை என்பதால் மாட்டு கேட் வரை நடந்து போனார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ சொன்னார், தலையாட்டினார், காரில் ஏறிப் போனார். மறுமுனையில் நீங்கள். ஒரு ஆளைப் பார்க்காமல், அவன் குரலைக் கூடக் கேட்காமல், மாட்டு கேட்டில் நின்று ஒருவர் சொன்னதை வைத்து முடிவு செய்தீர்கள்.

காய்ச்சல் ஏன் இல்லை தெரியுமா? என் தலைவலிக்கு வாங்கி வைத்திருந்த பாரசிட்டமாலை எடுத்து விழுங்கியிருக்கிறான். காலி அட்டை தலையணைக்கு அடியில் இருந்தது. சனிக்கிழமை ஆம்புலன்ஸ் வந்து அவனைத் தூக்கிப் போன பிறகு படுக்கை விரிப்பை உருவும்போதுதான் கிடைத்தது. அதற்குள் அவன் என்னை அவன் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கியிருந்தான்.

ஆம்புலன்ஸில் வந்த பெண், டாக்டர் கடைசியாக எப்போது பார்த்தார் என்று கேட்டாள். கோடை முடியும்போது என்றேன். அவள் கூட வந்தவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன்.

ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் வருவீர்கள். பல வருஷம் வந்தீர்கள். செப்டம்பரில் நின்றது. ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. அவன் பிழைத்து வீட்டுக்கு வந்தால் யார் வருவார்கள்? நீங்களா, மறுபடியும் மாட்டு கேட்டிலிருந்து போனா? எனக்கு அது தெரிய வேண்டும்.

மாரெட்

*

கும் எய்த்தின் கிளினிக்,
நவம்பர் 20

திருமதி மாரெட் பவல் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் கணவரின் உடல்நிலை குறித்து நானும் எங்கள் கிளினிக்கில் உள்ள அனைவரும் மிகவும் வருந்துகிறோம். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து அவர் பொது வார்டுக்கு மாற்றப்பட்டிருப்பதாக அறிகிறேன். அது ஆறுதலான செய்தி.

வீட்டை விட்டு வெளியே வர இயலாதவர்களைப் பார்க்கும் முறை இந்த ஆண்டு மாற்றப்பட்டிருக்கிறது. காலையில் வரும் அழைப்புகள் அனைத்தும் அன்று பணியில் இருக்கும் மருத்துவரின் பார்வைக்கு வரும். யார் போக வேண்டும் என்பதை அவர் தீர்மானிப்பார். ஓசியன் அனுபவமும் தகுதியும் உள்ளவர். அன்று அவர் உங்கள் கணவரை முறையாகப் பரிசோதித்தார். கண்டதை எனக்குச் சரியாகச் சொன்னார். நாடி வேகம் பதற்றத்தால் இருக்கலாம், திங்கட்கிழமை மீண்டும் போய்ப் பாருங்கள் என்று சொன்னது நான். அந்த முடிவு என்னுடையது, அவருடையது அல்ல. நடந்ததை அடுத்த கூட்டத்தில் ஆராய இருக்கிறோம்.

சென்ற சனிக்கிழமை கடைவாசலில் ஓசியனிடம் நீங்கள் பேசியது என் காதுக்கு வந்தது. அவருடைய மகளும் அப்போது உடன் இருந்தாள். உங்கள் கோபம் என்மேல் இருப்பதே முறை.

எதிர்காலத்தில் பென்லானுக்கு வருவது ஓசியனின் பொறுப்பாகவே தொடரும். வேறு உறுதி எதுவும் தர இயலாத நிலையில் இருக்கிறோம்.

இப்படிக்கு,
டாக்டர் நெஸ்டா ப்ரைஸ்

*

பென்லான் பண்ணை,
நவம்பர் 25

டாக்டர்,

அந்தக் கடிதத்தை எழுதியது யார்? நான் பிறந்தபோது கையில் வாங்கியது நீங்கள் என்று என் அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். ஊசிக்குப் பயந்து மேசைக்கு அடியில் ஒளிந்த என்னைக் காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டவர் நீங்கள். நீ, வா, போ என்பதைத் தவிர வேறு எதுவும் உங்கள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. இப்போது திருமதி பவல் அவர்களுக்கு, நீங்கள், உங்கள் கணவர், அவர், இயலாத நிலை. வக்கீலிடம் காட்டிவிட்டுத் தபாலில் போட்டீர்களா? என் வீட்டில் என் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி ஈரக் காலுறைகளைக் காயப் போட்டவர்தானே நீங்கள்?

ஆமாம், கடைவாசலில் கத்தினேன். ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். பள்ளிக்கூடத்தில் என்னிடம் வரலாறு படித்த பையன்கள் இரண்டு பேர் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தார்கள். ஓசியன் திருப்பிக் கத்தவில்லை. மகளைக் காருக்குள் உட்காரச் சொல்லிவிட்டு வந்து நின்றார். அன்றைக்கு எம்ரிஸ் அவரிடம் நடித்தான், அது கூடவா தெரியவில்லை, அந்தப் பச்சைச் சட்டையைப் பார்த்தாலே அவனுக்குக் குலை நடுங்கும் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. பச்சைச் சட்டைக்கு என்ன என்று கேட்டார்.

சொன்னேன். போன குளிர்காலத்தில் பச்சைச் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் வந்து, ரெண்டு நாளில் திரும்பிடலாம் என்று சொல்லித்தான் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். குளிர்காலம் முழுக்க அங்கேயே வைத்துக்கொண்டார்கள். பெக்கா பிறந்தது அப்போதுதான். தன் மகளை அவன் முதலில் பார்த்தது ஒரு நர்ஸ் பிடித்துக்கொண்டு நின்ற போனில். அதிலிருந்து பச்சைச் சட்டை வந்தால் பெட்டி கட்ட வந்திருக்கிறார்கள் என்றுதான் அவனுக்கு. உயிர் போனாலும் நன்றாக இருப்பதாகத்தான் சொல்வான்.

ஓசியன் காருக்குள் இருந்த மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இத யாராவது ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருந்தா, கார்லயே சட்டையக் கழட்டிப் போட்டுட்டு வந்திருப்பேங்க. எனக்கு யாரு சொன்னா?"

கொண்டு போன திட்டு அப்படியே கையில் இருந்தது. அது யாருக்கானது என்பது மலை ஏறி வீடு வருவதற்குள் புரிந்துவிட்டது.

உங்களுக்குத் தெரியும், டாக்டர். பச்சைச் சட்டை தெரியும். நாய் தெரியும். எம்ரிஸ் "சுமாரா இருக்கேன்" என்றால் நன்றாக இருக்கிறான் என்று தெரியும். "ஜம்முனு இருக்கேன்" என்றால் உடனே போர்வையை விலக்கிப் பார்க்க வேண்டும் என்று தெரியும். நீங்கள் வந்தால் ஸ்டெதஸ்கோப்பையும் மற்ற கருவிகளையும் எடுக்கும் முன் அவன் கெண்டைக்காலில் கையை வைத்துவிட்டு, ஆட்டு விலையைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருப்பீர்கள். உடம்புக்குள் ஏதாவது கிளம்பினால் முதலில் அந்தக் கால்தான் கட்டையாக இறுகும். பேச்சு பேச்சாக இருக்கும், கை கேட்டுக்கொண்டிருக்கும். இதையெல்லாம் நீங்கள் யாருக்குச் சொன்னீர்கள்? ஒருவரை அந்த அறைக்குள் ஒரு பையோடு அனுப்பிவிட்டீர்கள். வேலையை ஒப்படைத்தீர்கள், ஆளை ஒப்படைக்கவில்லை.

உங்களுக்கு ஆள் குறைவு, நேரம் குறைவு என்று எனக்குத் தெரியாதா? நான் ஒன்றும் குழந்தை இல்லை. ஆனால் இதைச் சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? காரில் ஏறும் ஓசியனிடம் ஜன்னல் வழியாகச் சொல்லியிருக்கலாம்.

இப்போது அவன் வார்டில் இருக்கிறான். உட்கார வைத்தால் உட்காருகிறான். நேற்று அங்கே வீட்டுக்கு அனுப்பும் வேலையைப் பார்க்கிற நர்ஸ் என்னை ஒரு அறைக்குக் கூட்டிப் போனாள். டிசம்பரில் கூட்டம் போட்டு முடிவெடுப்பார்களாம். மலைமேல் தனி வீடு, சிக்னல் இல்லை, கைக்குழந்தை, டாக்டர் வருவதில்லை. இப்படி வரிசையாகச் சொன்னாள். உங்கள் கிளினிக் பொறுப்பேற்று எழுதிக் கொடுத்தால் பென்லான். இல்லையென்றால் கடற்கரையில் ஒரு பராமரிப்பு இல்லம். அங்கே இருப்பவர்களில் எம்ரிஸுக்கு அடுத்த இளையவர் அவன் அப்பா வயதுக்காரர். நல்ல இடம், ஜன்னலிலிருந்து கடல் தெரியும் என்றாள். அவனுக்குக் கடல் எதற்கு? அவனுக்கு மலை தெரிய வேண்டும், நாய் குரைக்க வேண்டும், மகள் தரையில் தவழ்ந்து வந்து சக்கர நாற்காலியைப் பிடித்து நிற்க வேண்டும்.

ஆகவே உறுதி தர இயலாது என்று நீங்கள் எழுதியது வெறும் வாக்கியம் இல்லை. அது அவனை எங்கே அனுப்புகிறது என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

மாரெட்

*

வீட்டிலிருந்து,
நவம்பர் 29

மாரெட்,

இது கிளினிக் தாள் இல்லை. போன கடிதம் என் கைக்குத் திரும்பி வரும்போது மேலாளர் இரண்டு முறை திருத்தியிருந்தார். வக்கீல் என்று நீ எழுதியது அவ்வளவு தூரம் தப்பில்லை. ஆனாலும் கீழே போட்ட கையெழுத்து என்னுடையது. அதற்குப் பதில் நான்தான் சொல்ல வேண்டும்.

எனக்கும் கோபம் வரும், மாரெட். வசந்தத்தில் எங்களோடு இருந்த இன்னொரு டாக்டர் வேலையை விட்டுப் போனார், அந்த நாற்காலிக்கு இன்னும் ஆள் வரவில்லை. மூன்று பள்ளத்தாக்குக்கு இரண்டு டாக்டர்கள். பென்லானில் நான் காலுறை காயப் போட்ட அந்த நேரத்தில் கீழே எத்தனை பேர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று உனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் நான் வராததற்குக் காரணம் அது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீ அன்று பெக்காவுக்குக் காய்ச்சல் என்று போகவில்லை. எம்ரிஸிடம், இதை உன் பெண்டாட்டியிடம் சொல்லப் போகிறேன், சம்மதமா என்று கேட்டேன். என்னைத் திட்டினான். அவன் அப்பா கடாவைத் திட்டுவது போல, விட்டு விட்டு, நிதானமாக. பிறகு "சொல்லித் தொலைங்க டாக்டரம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதனால்தான் எழுதுகிறேன்.

கோடை முடிவில், நீ டீ போடப் போயிருந்தபோது, அவன் என்னிடம் சொன்னான்: "இனிமே நீங்க வராதீங்க. வேற யாரையாவது அனுப்புங்க. நீங்க வந்தா அவ கதவுகிட்ட நின்னுகிட்டு உங்க மூஞ்சியவே பாக்குறா. நீங்க போனப்புறம் ரெண்டு நாளைக்குத் தூக்கம் கெடையாது, சோறு எறங்காது. பால் வத்திப்போச்சு அவளுக்கு. மூஞ்சி தெரியாத ஆளா அனுப்புங்க. படிக்கிறதுக்கு ஒண்ணும் இருக்காது."

நான் ஒப்புக்கொண்டேன். அவன் கேட்டான் என்பதற்காக மட்டும் இல்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது. வியாழக்கிழமை பாதி நாள் மிச்சம். நோயாளியே கேட்டான் என்று மனசாட்சியையும் சமாதானம் செய்துகொள்ளலாம்.

ஓசியனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். அவன் சொன்னது எங்கள் இருவருக்குள் என்று நினைத்தேன். அது ஒரு காரணமாவது. பச்சைச் சட்டைக்கும், நாய்க்கும், கெண்டைக்காலுக்கும் காரணமே இல்லை. தோன்றவில்லை. இத்தனை வருஷம் ஒரே மலையில் ஏறி இறங்கினால், எனக்குத் தெரிந்தது அந்த வீட்டு வாசற்படிக்கே தெரியும் என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. நான் வைத்த கையை நான் ஒரு பரிசோதனை என்று எண்ணியதே இல்லை, நீ எழுதியதைப் படிக்கும் வரை. அதற்காக என்மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் உனக்குப் பங்கு தர மாட்டேன்.

ஆனால் இது உனக்கு. உன்னிடம் யாரும் சொன்னதில்லை, நான் சொல்கிறேன். நீ கதவருகே நிற்கும்போது அந்த அறையில் காற்று நின்றுவிடும். என் கை ஒரு இடத்தில் கொஞ்சம் தங்கினால் உன் மூச்சு தங்கும். அவன் உன்னைப் பார்ப்பான். நீ என்னைப் பார்ப்பாய். நீங்கள் இருவரும் பார்க்கிறீர்கள் என்று நான் முகத்தை மாற்றாமல் வைத்துக்கொள்வேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம், மாரெட். நோயை யாரும் பார்க்கவில்லை.

மாதம் இரண்டு முறை வருவேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். பொய் எழுதி அந்தக் கூட்டத்துக்கு அனுப்ப மாட்டேன். உன்னால் எதை ஏற்றுக்கொள்ள முடியும் என்று நீ சொல். என்னால் எதைச் செய்ய முடியும் என்று நான் சொல்கிறேன்.

நெஸ்டா

*

பென்லான் பண்ணை,
டிசம்பர் 1

டாக்டர்,

கடிதம் கிடைத்தது. இன்றைக்கே பதில் எழுதினால் பிறகு எந்தத் தெருவிலும் உங்கள் முகத்தில் விழிக்க முடியாதபடி எதையாவது எழுதிவிடுவேன். அதனால் எழுதவில்லை. நாளை பெக்காவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். முதலில் அவனுக்கு இருக்கிறது.

மாரெட்

*

பென்லான் பண்ணை,
டிசம்பர் 5

டாக்டர்,

போனேன். வழி முழுக்க அவனிடம் என்ன கேட்க வேண்டும் என்று மனத்தில் கோத்துக்கொண்டே காரை ஓட்டினேன். மலையைக் கடக்கும்போது மழை. பெக்கா பின்னால் மழலையில் பாடிக்கொண்டே வந்தாள். வார்டுக்குள் நுழைந்து பிள்ளையை அவன் மடியில் வைத்த நிமிஷம் கோத்தது எல்லாம் அறுந்துவிட்டது. இளைத்துப் போயிருக்கிறான். தாடியை யாரோ பாதி மழித்துவிட்டுப் பாதியில் விட்டுப் போயிருந்தார்கள்.

"என் மூஞ்சி உன்னை என்ன பண்ணுச்சு?" என்று கேட்டேன்.

பக்கத்துக் கட்டில்காரர் செய்தித்தாளை உயர்த்திக்கொண்டார். எம்ரிஸ் பிள்ளையின் காலுறையை இழுத்து இழுத்துச் சரி செய்துகொண்டிருந்தான். பிறகு என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னான்: "உன் மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கும், மாரெட். நான் சாவப்போற தேதி. டாக்டரம்மா வந்துட்டுப் போனா தேதி மாறியிருக்கும். தினம் எழுந்து அதப் படிக்க என்னால ஆவல."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அப்போது கோபம்தான் வந்தது. என்னைப் படித்த பெண் என்று ஊரெல்லாம் சொல்கிறாய், கட்டில் பக்கத்தில் மட்டும் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி எடுத்து மேல் அலமாரியில் வைக்கிறாய் என்றேன். மாத்திரையை மறைத்தாய், டாக்டரை நிறுத்தினாய், வந்தவரிடம் நடித்தாய், என்னைச் சமையலறைக்கு அனுப்பினாய், எல்லாம் நான் தூங்குவதற்காக. அந்தச் சனிக்கிழமை நான் எப்படித் தூங்கினேன் தெரியுமா? "நெஜம் தெரியாததாலதான்டா என் மூஞ்சி அப்படிக் கெடக்கு. தெரிஞ்சா அது பாட்டுக்குச் சும்மா இருக்கும்."

கத்திவிட்டேன் போலிருக்கிறது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள். எம்ரிஸ் மெதுவாக, "கத்தாத. அந்த ஆளு பேப்பரத் தலைகீழாப் பிடிச்சிக்கிட்டு இருக்காரு" என்றான். அப்படித்தான் பிடித்திருந்தார். நாங்கள் இருவரும் சிரித்தோம். சிரித்ததற்காக அவன்மேல் கோபம் குறைந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கிளம்பும்போது இப்போது எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். வெகு நேரம் யோசித்தான். "வலது கால் எரியுது. ராத்திரியில பயமா இருக்கு" என்றான். கல்யாணமாகி இத்தனை நாளில் அவன் எனக்குச் சொன்ன முதல் மருத்துவச் செய்தி இது. அன்றிரவு, நீங்கள் யாருமே நம்ப மாட்டீர்கள், நான் தூங்கினேன்.

உங்கள்மேல் கோபம் போகவில்லை. என்னைக் கேட்காமல் என்னைக் காப்பாற்றினீர்கள். நீங்களும் அவனும் கூடிப் பேசி, நான் கெட்டிலுக்குத் தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் முடிவு செய்தீர்கள். என்னைக் காப்பாற்றியதில் சாகக் கிடந்தது அவன். நான் கதவருகே நின்றது உண்மைதான். உங்கள் முகத்தைப் படித்ததும் உண்மைதான். வாயைத் திறந்து நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் வேறு எதைப் படிப்பது?

என்னால் எதை ஏற்றுக்கொள்ள முடியும் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

ஓசியன் வரட்டும். நான் மனமாரத்தான் சொல்கிறேன். நேற்று அவராகவே பென்லானுக்கு வந்தார், விடுமுறை நாளில், மகளோடு. அந்தப் பெண் மோட்டோடு முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். நான் கடைவாசலில் கத்தியதைப் பற்றி ஆரம்பித்தேன், அவர் விடவில்லை. அவருக்கும் உங்கள்மேல் கோபம், தெரிந்துகொள்ளுங்கள். "என்னைக் கண்ணக் கட்டி அனுப்புனாங்க" என்றார். இனி பென்லானுக்குப் பச்சைச் சட்டை போட்டு வர மாட்டாராம். பழைய கம்பளிச் சட்டை ஒன்று காரில் வைத்திருக்கிறார். ஆடு வாங்க வந்தவன் மாதிரி வருகிறேன் என்றார். அது விதிக்கு உட்பட்டதா என்று கேட்டேன். டீ குடிப்பது கூடத்தான் விதிக்கு உட்பட்டது இல்லை என்று சொல்லிவிட்டு, இரண்டு கோப்பை குடித்தார்.

ஆனால் எம்ரிஸ் வீட்டுக்கு வந்ததும் முதல் தடவை நீங்களும் கூட வர வேண்டும். அந்தக் கெண்டைக்காலில் உங்கள் கையை வையுங்கள். பிறகு ஓசியனின் கையை எடுத்து அதே இடத்தில் வையுங்கள். இளகி இருந்தால் எப்படி இருக்கும், இறுகினால் எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள். சுமார் என்றால் என்ன, ஜம் என்றால் என்ன என்று எம்ரிஸ் காதில் விழும்படியே சொல்லுங்கள். அவன் நெளியட்டும். அவனைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது அத்தனையும் அந்த அறையில் கொட்டிவிட்டுக் கீழே இறங்குங்கள். அதன் பிறகு எப்போதும் போல உங்கள் மூன்று பள்ளத்தாக்கையும் பாருங்கள். ஓசியன் மாட்டு கேட்டிலிருந்து போன் செய்து, இன்று அவர் ஜம்மென்று இருக்கிறார் என்று சொன்னால் மட்டும், அன்றைக்கே ஏறி வாருங்கள். அது என்றைக்கோ ஒரு நாள்தான் வரும். அந்த ஒரு நாளை மட்டும் எழுதித் தாருங்கள்.

நானும் அந்த அறையில் இருப்பேன். கதவருகே இல்லை, கட்டில் பக்கத்தில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு. டீயை நீங்கள் வரும் முன்பே போட்டு ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்துவிடுவேன், என்னை வெளியே அனுப்ப இனி யாருக்கும் சாக்கு கிடைக்காது. உங்கள் முகத்தைப் பார்ப்பேன், பார்க்காதே என்று சொல்லாதீர்கள். உங்கள் முகத்தில் என்ன வருகிறதோ அதை வாயாலும் சொல்லுங்கள், அவன் முன்னால், என் முன்னால். கெட்ட செய்தி என்றால் கெட்ட செய்தி. அழுதால் அழுவேன். அழுகிறவளைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டில் ஒரு ஆள் இருக்கிறான். கால் வராதே தவிர அவனுக்குக் கை இருக்கிறது.

இதற்கு நீங்கள் சரி என்றால், கிளினிக் தாளில், மேலாளர் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தட்டும், கையெழுத்துப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஒன்றும் எனக்கு ஒன்றும் அனுப்புங்கள். சரி இல்லை என்றாலும் சொல்லிவிடுங்கள். கடலைப் பார்த்த ஜன்னல் என்று அவனிடம் நான்தான் சொல்ல வேண்டும். அதையும் நெஜமாகவே சொல்லிக்கொள்கிறேன்.

கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமை. மலைக்குத் தபால்காரர் மழை பிடித்தால் ஒரு நாள் விட்டுத்தான் வருகிறார்.

சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

மாரெட்